பதினொரு மணி மாத்திரை

அந்த மாத்திரை டப்பாவை என்னிடம் நீட்டியபோது, என்னோடு கீமோ எடுத்த தோழி கடுப்பில் இருந்தார். நாலு மாதமாக ராத்திரி பதினொரு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து மாத்திரை போடுகிறாராம். விடிகாலை நாலு மணிக்கு அலுவலகங்களைச் சுத்தம் செய்யக் கிளம்புகிறவர், எட்டரைக்கே படுத்தால்தான் உண்டு. இந்த ஒரு மருந்துக்கு மட்டும் எதற்கு இப்படி ஒரு நேரம் என்று கேட்டார். வாங்கிப் பார்த்தேன். டமாக்சிஃபென், மார்பகப் புற்றுக்குத் தரும் மருந்து, நானும் அதைத்தான் விழுங்கிக்கொண்டிருந்தேன், தினம் ஒன்று, எந்த நேரமானாலும் சரி. லேபிளில் மற்றதெல்லாம் ஸ்பானிஷ், 'ஒருமுறை' என்று வரவேண்டிய இடத்தில் மட்டும் 'ஒன்ஸ்' என்ற ஆங்கிலச் சொல் மொழிபெயர்க்கப்படாமல் அப்படியே நின்றுவிட்டது. அதே எழுத்துகளை ஸ்பானிஷில் படித்தால் 'ஓன்சே', அதாவது பதினொன்று. நல்லவேளை, ஒரு நாளைக்குப் பதினொரு மாத்திரை என்று எடுத்துக்கொள்ளாமல் பதினொரு மணி என்று எடுத்துக்கொண்டார். இது ஏதோ ஒரு கடையின் கூத்து என்றுதான் நினைத்தேன். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி மருந்துக்கடைகளைப் பற்றி 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கணினி போட்டுத் தந்த ஸ்பானிஷ் லேபிள்களில் பாதியில் பிழை இருந்தது என்று சொல்வதை அப்புறம்தான் அறிந்தேன்.

அவரை இனி கொமாத்ரே என்றே எழுதுகிறேன். நம் ஊரில் சம்பந்தி என்பதுபோல, பிள்ளையை முன்னிட்டு வந்த உறவுப்பெயர் அது, பிள்ளையைப் பெற்றவளும் ஞானஸ்நானத்தில் ஏந்திய ஞானத்தாயும் ஒருவரையொருவர் அழைத்துக்கொள்வது. நாளடைவில் நெருங்கிய தோழிக்கும் ஆகிவிட்டது.

நான் டெக்சாஸின் சான் அன்டோனியோவுக்கு வந்தது 2011இல். பத்தில் ஆறு பேருக்கு மேல் ஹிஸ்பானிக் மக்கள், அதாவது ஸ்பானிஷ் பேசும் நாடுகளைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள், வாழும் ஊர். ஆறு வருடம் இருந்தும் எனக்குத் தெரிந்த ஸ்பானிஷ் 'கிராசியாஸ்', அதாவது நன்றி, அது மட்டும். 2017இல் இடது மார்பகத்தில் கட்டி, அறுவை, கீமோ. கீமோ நாற்காலியில் பக்கத்து ஆள்தான் கொமாத்ரே. அவருடன் அம்மா, தங்கை, இரண்டு பிள்ளைகள், ஒரு மருமகன், எல்லோரும் வருவார்கள். ஒரு நோயாளிக்கு ஒரு துணைதான் என்று நர்ஸ் ஒவ்வொரு முறையும் சொல்வார், இவர்களும் ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்டுவிட்டு முறைவைத்து உள்ளே வருவார்கள். என்னுடன் என் வீட்டுக்காரர், லேப்டாப்புடன். ஊரில் கூட நெருங்கிய சொந்தங்களைத் தவிர யாருக்கும் தெரியாது, நாத்தனார் பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள், 'இப்ப வெளிய சொல்ல வேண்டாம்மா' என்று மாமியார் சொல்லிவிட்டார். பிறகு கொமாத்ரேயின் வீட்டைப் பார்த்தால் அங்கேயும் அதே கதை. உள்ளே வந்த ஐந்து பேருக்கு வெளியே யாருக்கும் தெரியாது, அந்த ஐந்து பேரும் கூட நோயின் பெயரைச் சொல்ல மாட்டார்கள், 'அந்த நோய்' என்பார்கள்.

மருத்துவமனைப் பக்கம் ஆங்கிலத்தில் ஓர் ஆதரவுக் குழு நடந்தது, இரண்டு தடவை போனேன். வட்டமாக நாற்காலி, நடுவில் டிஷ்யூ பெட்டி. முன்பின் தெரியாத பத்துப் பேரிடம் மூன்றாவது நிமிஷத்தில் மனதைத் திறக்கச் சொன்னார்கள். அவர்கள் நல்லவர்கள்தான், எனக்கு வாய் வரவில்லை. கொமாத்ரேயையும் யாரோ அங்கே அனுப்பியிருக்கிறார்கள், ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் உட்காரவைத்து. அவர் ஒரே தடவையில் கும்பிடு போட்டுவிட்டார். 'பள்ளிக்கூடத்தில் தாமதமாக வந்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தேன்' என்றார். பிறகு ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் என்னை அவர்களுடைய மாதாகோயில் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். எனக்கு மொழி தெரியாதே என்றேன். சாப்பிடத் தெரியும்தானே என்றார்.

அங்கே நடந்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு ஆதரவுக் குழு என்று பெயர் இல்லை. அந்தப் பெயரைக் கேட்டால் 'எனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?' என்கிற எண்ணம் வருமாம். 'பிளாத்திகா' என்பார்கள், சும்மா உட்கார்ந்து பேசுவது, நம் திண்ணைப் பேச்சு. ஏழு மணி என்றால் ஏழே முக்காலுக்குத் தொடங்கும், பிள்ளைகளுக்கு ஒரு மூலை, ஆண்கள் வெளியே வண்டி நிறுத்துமிடத்தில். முதல் ஒரு மணி நேரம் யாரும் நோயைப் பற்றிப் பேச மாட்டார்கள். யார் மகளுக்குக் கீன்சேன்யேரா, அதாவது பதினைந்து வயது நிறைவு விழா, அதற்கு எவ்வளவு செலவு, எந்தக் கடையில் எலும்பு மலிவு. அப்புறம், தட்டு கழுவும் நேரத்தில், ஒருத்தி இன்னொருத்தியிடம் 'உனக்கும் நகம் கறுத்துச்சா?' என்று கேட்பாள். அங்கேதான் தொடங்கும். இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: இப்படி ஒன்றை ஆரம்பிக்கிறவர்கள் அந்த முதல் ஒரு மணி நேரத்தை வீண் என்று நினைத்துச் சுருக்கினால், மீதி நடக்காது.

கூட்டத்தை நடத்துகிறவர் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. 'புரொமோத்தோரா' என்று பெயர், அதே தெருக்களில் வாழ்ந்துகொண்டு சுகாதாரப் பணி செய்கிற பெண். 160 மணி நேரப் பயிற்சி முடித்தால் டெக்சாஸ் மாநிலம் இவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கிறது. எங்கள் புரொமோத்தோராவுக்குக் கருப்பைவாய்ப் புற்று வந்து போயிருந்தது. கலிபோர்னியாவில் 'நுவேவோ அமானெசேர்', அதாவது புதிய விடியல் என்று ஒரு திட்டம், ஆய்வாளர் அன்னா நாப்போலெஸ் குழுவினர் நடத்தியது. மார்பகப் புற்றைத் தாண்டிவந்த பெண்களையே பயிற்றுவித்து, புதிதாக நோய் வந்த பெண்களிடம் அனுப்பி, எட்டு வாரம் மன அழுத்தத்தைக் கையாளச் சொல்லிக்கொடுத்தார்கள். 151 பெண்களை வைத்து நடந்த அந்த ஆய்வின் முடிவுகள் 2015இல் வெளிவந்தன, பங்கெடுத்தவர்களின் வாழ்க்கைத் தரம் கூடியதும் உடம்பில் தெரியும் அழுத்த அறிகுறிகள் குறைந்ததும் அதில் பதிவாகியிருக்கின்றன. எங்கள் புரொமோத்தோரா இதை அடிக்கடி எடுத்துச் சொல்வார், சொல்லிவிட்டு 'பட்டவள் சொன்னால் கேட்பார்கள், படித்தவள் சொன்னால் தலையாட்டுவார்கள்' என்பார்.

தலையாட்டுவது என்றதும் ஞாபகம் வருகிறது. குவாத்தமாலாவிலிருந்து வந்த ஒரு பெண், எதைக் கேட்டாலும் 'சீ, சீ' என்பார். ஆமாம் ஆமாம் என்று அர்த்தம், தமிழ்க் காதுக்கு முதலில் திக்கென்றுதான் இருக்கும். மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது, அவருடைய தாய்மொழி கிச்சே, மாயா மொழிகளில் ஒன்று. ஸ்பானிஷே அவருக்கு அரைகுறை. ஹிஸ்பானிக் என்று ஒரே கட்டமாக டிக் அடித்துவிட்டு ஸ்பானிஷ் துண்டுப்பிரசுரத்தைக் கையில் திணித்தால் போதும் என்று நினைத்தவர்களில் நானும் ஒருத்தி. சாப்பாட்டிலும் அப்படித்தான். மெக்சிகோக்காரர்கள் கொண்டாடும் 'நொபால்', நம் சப்பாத்திக்கள்ளியின் இனம், முள்ளைச் சீவி வதக்கிச் சாப்பிடுவார்கள். உடம்புக்கு நல்லதுதான். புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த அம்மா ஒருவர் அதைத் தட்டில் பார்த்ததும் 'எங்கள் ஊரில் ஆட்டுக்குக் கூடப் போட மாட்டோம்' என்று எழுந்து போய்விட்டார்.

சாப்பாட்டு விஷயத்தில் நாங்கள் ஒருமுறை நன்றாகச் சறுக்கினோம். உணவு ஆலோசகர் ஒருவர் தந்த ஸ்பானிஷ் தாளில் கேல் கீரை, கீன்வா, ப்ளூபெர்ரி என்று பட்டியல். மொழி சுத்தம், சாப்பாடு வேறு யாருடையதோ. யாரும் வாங்கவில்லை, விலையும் அப்படி. பிறகு புரொமோத்தோரா அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார். நம் சப்பாத்தி மாதிரியான மைதா தோர்த்தியாவுக்குப் பதில் சோளத் தோர்த்தியா, பன்றிக்கொழுப்பு ஊற்றாமல் வேகவைத்த பீன்ஸ், புளிச்சை இனத்துச் சிவப்புப் பூவில் போடும் 'ஹமைக்கா' பானம் சர்க்கரை குறைத்து. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 'கொசினார் பாரா சு சலூத்', அதாவது உங்கள் உடல்நலத்துக்காகச் சமைப்பது, என்று இதே மாதிரி சமையல் வகுப்பை ஹிஸ்பானிக் மார்பகப் புற்று மீண்டவர்களுக்கு நடத்தி, ஆறு மாதம் கழித்தும் அவர்கள் காய்கறி, பழம் கூடுதலாகச் சாப்பிடுவதைக் காட்டியிருக்கிறார்கள். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. சாம்பாரை விட்டுவிட்டு சூப் குடி என்று யாராவது என்னிடம் சொன்னால் நான் எத்தனை நாள் கேட்பேன்?

கைமருந்து பற்றி ஒன்று. 'மூலிகை ஏதாவது எடுக்கிறீர்களா?' என்று டாக்டர் கேட்டால் எல்லோரும் இல்லை என்பார்கள், திட்டுவாரோ என்ற பயம். 'உங்கள் அம்மா உங்களுக்கு என்ன காய்ச்சித் தருகிறார்?' என்று புரொமோத்தோரா கேட்பார், உடனே பதில் வரும்: குவானாபனா இலைக் கஷாயம். அது வேறொன்றுமில்லை, நம் முள்சீத்தா. ஊரில் என் சித்தப்பாவும் அதையேதான் வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார், கீமோவை விடப் பல மடங்கு என்று. கஷாயம் குடிக்காதே என்று அங்கே யாரும் கத்துவதில்லை. பையில் போட்டு மருந்தாளுநரிடம் கொண்டுபோய்க் காட்டு, கீமோ நடக்கும்வரை அவர் சொல்கிறபடி செய், அம்மாவிடம் கோழிச்சாறு கேள், என்பார்கள். அம்மாவுக்குக் கொடுக்க ஏதாவது ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

மொழிபெயர்ப்புக்கு வருகிறேன், இதில்தான் எனக்கு அதிகக் கோபமும் அதிக வெட்கமும். ஓர் ஆஸ்பத்திரியில், பெயர் வேண்டாம், பன்னிரண்டு வயதுப் பெண் தன் அம்மாவின் ஸ்கேன் முடிவை அம்மாவுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. கல்லீரலில் பரவியிருக்கிறது என்று டாக்டர் சொன்னதை அந்தக் குழந்தை 'இன்னும் கொஞ்சம் மருந்து தர வேண்டுமாம்' என்று சொன்னது. அமெரிக்கச் சட்டப்படி இது கூடாது. 1964 குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் பகுதி, 2010 மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் 1557ஆம் பிரிவு, இரண்டையும் வைத்து, அரசுப் பணம் வாங்கும் மருத்துவமனை இலவசமாக மொழிபெயர்ப்பாளரைத் தரவேண்டும், அவசரம் தவிரப் பிள்ளைகளைப் பயன்படுத்தக் கூடாது. ஆனால் கேட்டால்தான் வரும், அதுவும் அன்றைக்குப் போய்க் கேட்டால் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதனால் நேரம் குறிக்கும்போதே கேளுங்கள், எந்த மொழி என்று கோப்பில் எழுதச் சொல்லுங்கள், வந்தவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வெட்கம் என்னவென்றால், நானும் அந்தக் குழந்தை செய்ததைத்தான் செய்தேன், நாற்பது வயதில். பழனியிலிருந்து வந்திருந்த அம்மா டாக்டரிடம் நேராகக் கேட்டார், 'எம் பொண்ணு பொழச்சுக்குவாளா?' மூன்று நிணநீர்க் கணுக்களில் இருக்கிறது, முழுசாகச் சொல்ல முடியாது என்றார் அவர். 'சின்னக் கட்டிதானாம்மா' என்றேன் நான். அம்மா என்னையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை, பையிலிருந்து விபூதியை எடுத்தார். தமிழுக்கும் தொலைபேசி வழி மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார் என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் கேட்டிருப்பேனா?

சொல் சரியாக இருந்தாலும் மரியாதை தப்பினால் போச்சு. ஓர் இளம் மொழிபெயர்ப்பாளர் எழுபது வயதுப் பெரியவரிடம் 'தூ' என்று பேசினார், நீ. 'உஸ்தெத்', நீங்கள், என்று வந்திருக்க வேண்டும். பெரியவர் அதன்பிறகு அந்த அறையில் ஒரு வார்த்தை பேசவில்லை, ஒத்துழைக்கவில்லை என்று கோப்பில் ஏறியது. இது ஏன் தப்பு என்று ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களுக்குப் புரியவைக்க அரை மணி நேரம் ஆகும், தமிழருக்கு விளக்கவே வேண்டாம்.

'எச்சாலே கானாஸ்' என்று ஒரு தொடர். மெக்சிகோ வழக்கில் நோயாளியைப் பார்க்க வருகிற எல்லோரும் சொல்வது, மனசு வைத்து முயற்சி பண்ணு என்கிற மாதிரி, நம் 'தைரியமா இரு, மனச விட்றாத'. சொல்கிறவர்களுக்கு அன்பு, கேட்கிறவளுக்கு அது ஒரு கட்டளை. அழுதால் முயற்சி போதவில்லை என்று ஆகிவிடுகிறது. கூடத்தில் அதற்கு ஒரு விதி வைத்தார்கள், யாராவது அதைச் சொன்னால் டப்பாவில் ஒரு டாலர் போட வேண்டும். அந்தக் காசில்தான் காப்பித்தூள் வாங்கினோம், குறைவே வந்ததில்லை. 'சோப்ரெவிவியென்தே', உயிர்தப்பியவர் என்ற சொல்லையும் பலருக்குப் பிடிக்காது. 'அது பஸ் கவிழ்ந்தால் சொல்வது' என்பார் கொமாத்ரே. அவர் சொல்வது 'யா லா லிப்ரே', தப்பிச்சுட்டேன்.

தப்பித்த பிறகுதான் ஆதரவு எல்லாம் வற்றிப்போகிறது. கீமோ நடக்கும்போது சாப்பாடு கொண்டுவந்தவர்கள், முடி வளர்ந்ததும் சரியாகிவிட்டது என்று போய்விடுகிறார்கள். அக்குளில் கணுக்களை எடுத்தவளுக்குக் கை வீங்குகிறது. வீடு துடைக்கிற, தமாலே மாவு பிசைகிற கை அது. கனம் தூக்காதே என்று எழுதிக்கொடுத்தால் வேலை போகும். எந்தக் கையால் வாளி பிடிப்பது, வேலைக்கு நடுவே எப்போது கையை உயர்த்தி வைப்பது, கையை இறுக்கிப் பிடிக்கும் ஸ்லீவை எங்கே இலவசமாக வாங்குவது, இதைச் சொல்லித்தர இன்னொரு துப்புரவுப் பெண்ணால்தான் முடிந்தது. பணம் என்று வந்தால், அமெரிக்காவில் காப்பீடு இல்லாதவர் விகிதம் மிக அதிகமான மாநிலம் டெக்சாஸ், ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டை விரிவுபடுத்தவும் இல்லை. எங்கள் பெக்சார் கவுண்டியில் காப்பீடில்லாதவர்களுக்கு வருமானத்துக்கேற்ற தவணையில் சிகிச்சை தர 'கேர்லிங்க்' என்று ஒரு திட்டம் உண்டு. அதற்கு வருமானச் சான்று வேண்டும், ரொக்கமாகக் கூலி வாங்குகிறவளிடம் ஏது சீட்டு? விண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்த மாலைகள்தான் நாங்கள் செய்ததிலேயே உருப்படியான வேலை என்று இப்போதும் நினைக்கிறேன். மெக்சிகோவின் துணைத் தூதரகங்களுக்குள்ளேயே 'வெந்தானியா தே சலூத்', சுகாதார ஜன்னல், என்று ஒரு மேசை இருக்கும், பாஸ்போர்ட்டுக்கு வந்தவர்களைப் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அது நல்ல யோசனை.

ஆண்கள் உள்ளே வர மாட்டார்கள் என்றேன் இல்லையா, அவர்களை உள்ளே கூப்பிடுவதை நிறுத்திவிட்டோம். புரொமோத்தோராவின் அண்ணன் வெளியே ஒரு டிரக்கின் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். எல்லோரும் என்ஜினைப் பார்த்துக்கொண்டே பேசுவார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. அறுவைக்குப் பிறகு மார்பில் தொங்கும் குழாயிலிருந்து நீரை எடுத்து அளப்பது எப்படி என்று கொமாத்ரேயின் கணவர் இன்னொருவருக்கு அங்கேதான் கற்றுக்கொடுத்தார், பிரேக் ஆயில் டப்பாவை வைத்து.

கடைசியாக அந்த முடி. ஹாலிஸ்கோ மாநிலத்திலிருந்து வந்த பெண் ஒருவர், சான் ஹுவான் மாதாவுக்கு முடி தருவதாக 'மாந்தா' செய்திருந்தார். மாந்தா என்றால் நேர்த்திக்கடன்தான், அணுவளவும் வித்தியாசமில்லை. அவர்கள் காணிக்கை வைக்கும் கண், கால், இதய உருவத் தகடுகளைப் பார்த்தபோது வைத்தீஸ்வரன் கோயில் வாசல் ஞாபகம் வந்தது. டெக்சாஸின் தென்கோடியில், சான் ஹுவான் என்கிற ஊரிலேயே அந்த மாதாவுக்குப் பெரிய ஆலயம் உண்டு. 1970இல் ஒரு சிறு விமானம் மோதி எரிந்துபோன கோயில், சிலையைக் காப்பாற்றிவிட்டார்கள், பிறகு புதிதாகக் கட்டினார்கள். இவருக்கு என்ன பிரச்சினை என்றால், பின்னலை வெட்டுவதற்குள் கீமோவில் முடி கொட்டிவிட்டது. தானாகக் கொட்டினது காணிக்கையாகுமா என்று இரவெல்லாம் தூங்காமல் அழுதிருக்கிறார். மனநல ஆலோசகர் முடி திரும்ப வளரும் என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார். அவருடைய கேள்வி அதுவே இல்லை. கொட்டினதை ஒன்றுவிடாமல் ஒரு தலையணை உறையில் சேர்த்து வைத்திருந்தார்.

அவரால் போகவும் முடியாது. தெற்கே போவதில் தடை இல்லை, திரும்பி வரும்போது 281ஆம் சாலையில் ஃபால்ஃபூரியாஸில் எல்லைக் காவல் சோதனைச் சாவடி, எல்லையிலிருந்து எழுபது மைல்போல உள்ளே. குடியேற்றக் காகிதம் இல்லாதவர் அதைத் தாண்ட முடியாது. அந்தப் பக்கம் வாழ்கிற காகிதமில்லாத நோயாளிகள் சான் அன்டோனியோவுக்கோ ஹூஸ்டனுக்கோ பெரிய சிகிச்சைக்கு வரமுடியாமல் நிற்பதும் இதே சாவடியால்தான்.

என்னிடம் கிரீன் கார்டு இருந்தது. பழனியில் மொட்டை போட்ட குடும்பம், முடியைச் சுமப்பதில் எனக்கு என்ன கூச்சம். வீட்டுக்காரரிடம் 'ஏங்க, சனிக்கிழமை வண்டி எடுங்க' என்றேன், நாலு மணி நேர ஓட்டம். ஆலயத்தில் காணிக்கை அறை முழுக்கப் பின்னல்கள், ஆஸ்பத்திரி மணிக்கட்டுப் பட்டைகள், ஊன்றுகோல்கள், கடிதங்கள். ஒரு பாதிரியாரைப் பிடித்து, தெரிந்த ஸ்பானிஷில், தானாக விழுந்தது செல்லுமா என்று கேட்டேன். அவர் உறைக்குள் எட்டிப்பார்த்துவிட்டு, 'இவ்வளவையும் சேர்த்தவளிடம் போய் நான் செல்லாது என்பேனா?' என்றார்.

திரும்பும்போது சாவடியில் எங்கே போய்வருகிறீர்கள் என்று கேட்டார் காவலர். கோயிலுக்கு என்றேன். கார்டைப் பார்த்தார், கையசைத்தார், பத்து வினாடி கூட ஆகவில்லை.

வீட்டுக்கு வந்து அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுச் சொன்னேன், படமும் அனுப்பினேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அழுகிறார் என்று நினைத்து நானும் சும்மா இருந்தேன். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார், உறையை அங்கேயே விட்டுவிட்டீர்களா செஞோரா, அது ஜோடி உறை.